எண்ணி எண்ணிக் காணும் வானம்: எக்ஸ் கதிர் வானியல், அடிப்படையிலிருந்து

"கருந்துளையின் சத்தம்" என்ற ஒலிக்கோப்பு இன்னும் வட்சப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எக்ஸ் வகுப்புச் சூரியச் சுவாலை" என்று செய்தி வரும் நாளில், கைத்தொலைபேசியை அணைத்துவைக்கச் சொல்லி ஒரு தகவலும் பின்னாலேயே வருகிறது. ஊதாவும் செம்மஞ்சளுமான விண்வெளிப் படமொன்றின் கீழே "எக்ஸ் கதிரில் எடுத்தது" என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே துறையோடு தொடர்புடையவை; மூன்றுமே பிழையாக விளங்கிக்கொள்ளப்படுபவை. கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளை நியாயமாகவே கேட்கும்: ஆஸ்பத்திரி எக்ஸ்றேயும் இதுவும் ஒன்றா? வானத்துக்கு எக்ஸ்றே பிடிக்கிற கருவி எங்கே இருக்கிறது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர் வானியல் போட்டன்களை, அதாவது ஒளித் துணிக்கைகளை, ஒவ்வொன்றாக எண்ணுகிற தொழில். ஒவ்வொரு போட்டனும் விழுந்த இடம், விழுந்த நேரம், கொண்டுவந்த சக்தி ஆகியவை தனித்தனியே பதிவாகின்றன. படம், நிறம், "சத்தம்" எல்லாம் அந்தப் பதிவேட்டிலிருந்து பிறகு செய்யப்படுபவை. இத்துறையின் பலமும் பலவீனமும் இங்கேதான் தொடங்குகின்றன.

எக்ஸ் கதிரை அளப்பது எப்படி

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர். எக்ஸ் கதிருக்கு அது சுமார் 10 இலிருந்து 0.01 நனோமீற்றர் வரை. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு போட்டனும் சுமக்கும் சக்தி கூடும். அதனால் இத்துறையில் அலைநீளத்தைச் சொல்வதைவிடச் சக்தியைச் சொல்வதே வழக்கம். அலகு கிலோ இலத்திரன்வோல்ற்று, இங்கே கி.இ.வோ. என்று சுருக்கிக்கொள்வோம். 1.24 ஐ நனோமீற்றரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் கி.இ.வோ. கிடைத்துவிடும். 500 நனோமீற்றர் பச்சை ஒளிக்கு 0.0025 கி.இ.வோ.; 0.2 நனோமீற்றர் எக்ஸ் கதிருக்கு 6.2 கி.இ.வோ. அதாவது சுமார் 2,500 மடங்கு.

இந்தச் சக்தி வெப்பநிலையைச் சொல்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின்; ஆகவே அது அதிகமாக உமிழ்வது 500 நனோமீற்றருக்கு அருகில். வெப்பநிலைக்கும் உச்ச அலைநீளத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் வீனின் விதியை அப்படியே நீட்டினால், 1 நனோமீற்றரில் உச்சமாக ஒளிரும் பொருள் சுமார் 29 இலட்சம் கெல்வினில் இருக்க வேண்டும். சாதாரண விண்மீன் எதற்கும் அவ்வளவு சூடான மேற்பரப்பு கிடையாது. எனவே எக்ஸ் கதிர் வருகிறது என்றாலே அங்கே வாயு மிகப் பயங்கரமாகச் சூடேறியிருக்கிறது, அல்லது துகள்கள் ஒளியின் வேகத்துக்கு அருகில் ஓடுகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிப் படமும் வானப் படமும்

ஆஸ்பத்திரியில் ஒரு குழாய் எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது, உடம்பு நடுவில் நிற்கிறது, மறுபக்கத்தில் நிழல் பதிவாகிறது. எலும்பிலுள்ள கல்சியம் கதிரை அதிகம் உறிஞ்சுவதால் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. வானத்துக்கு யாரும் கதிர் பாய்ச்சுவதில்லை. பார்க்கப்படும் பொருளே கதிரை உமிழ்கிறது, நாம் பெற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது வேறுபாடு சக்தியில். நெஞ்சு எக்ஸ்றேக்குப் பயன்படுபவை பல பத்து கி.இ.வோ. கொண்டவை. வானியலில் பெரும்பாலான வேலை 0.3 இலிருந்து 10 கி.இ.வோ. வரைக்குள் நடக்கிறது. இந்த மென்மையான கதிர்களுக்குத்தான் காற்று பெருந்தடை.

காற்றைத் தாண்டாத கதிர்

கடல்மட்டக் காற்றில் ஒரு கதிரின் செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைவதற்குத் தேவையான தூரம் இது:

1. 1 கி.இ.வோ. கதிருக்கு: இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல்.
2. 10 கி.இ.வோ. கதிருக்கு: ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்.
3. 60 கி.இ.வோ. கதிருக்கு: 40 மீற்றருக்குச் சற்று மேல்.

ஆஸ்பத்திரி அறையின் ஒரு மீற்றர் காற்று எதையும் தடுக்காததன் காரணம் மூன்றாவது வரியில் இருக்கிறது. ஆனால் நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 10 தொன் காற்று இருக்கிறது. இது 10 மீற்றர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நைதரசன், ஒட்சிசன் அணுக்களின் உள்ளோட்டு இலத்திரன்கள் ஒளிமின் விளைவால் எக்ஸ் கதிரை விழுங்கிவிடும். கல்லடிக் கடற்கரையில் எவ்வளவு பெரிய உணரியை வைத்தாலும் வானத்து எக்ஸ் கதிர் ஒன்றும் வந்து சேராது. மலை உச்சியும் உதவாது. 40 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் பலூனுக்கு மேலே சதுர சென்ரிமீற்றருக்கு 3 கிராம் அளவு காற்றே மிச்சம். அங்கே 20, 30 கி.இ.வோ.க்கு மேற்பட்டவை மட்டும் எட்டும். ஹைதராபாத்திலிருந்து டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் அத்தகைய பலூன்களைப் பல ஆண்டுகளாக ஏவி வந்திருக்கிறது. மென்மையான கதிர் வேண்டுமென்றால் ரொக்கெட்டோ செய்மதியோதான்.

அதனாலேயே இது இளைய துறை. 1895 இல் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தும், சூரியனுக்கு அப்பால் ஒரு மூலத்தைக் காண 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூன் 18 இல் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு, நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸிலிருந்து ஏரோபீ ரொக்கெட்டில் கைகர் எண்ணிகளை அனுப்பியது. 80 கிலோமீற்றருக்கு மேலே கிடைத்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. சூரியனின் எக்ஸ் கதிர் பட்டுச் சந்திரன் ஒளிர்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். சந்திரன் அகப்படவில்லை, விருச்சிக இராசியின் பக்கம் எதிர்பாராத பெரும் எண்ணிக்கை பதிவானது. இன்று அதை விருச்சிக எக்ஸ்-1 என்கிறோம். சுமார் 9,000 ஒளியாண்டு தொலைவில், சூரியன் எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து வெளியிடும் சக்தியைப்போல் 60,000 மடங்கை எக்ஸ் கதிரில் மட்டும் கொட்டுகிற, நியூத்திரன் விண்மீனும் துணை விண்மீனும் சேர்ந்த சோடி அது. 2002 இல் ஜக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1970 டிசம்பர் 12 இல் கென்யக் கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உகுரு செய்மதியின் இறுதிப் பட்டியலில் 339 மூலங்கள். 2024 ஜனவரியில் ஜேர்மன் குழு வெளியிட்ட ஈரோசிற்றா தொலைகாட்டியின் முதற்பட்டியலில், பாதி வானத்துக்கு மட்டும், சுமார் 9 இலட்சம். நடுவில் ஒரு மனித ஆயுளும் இல்லை.

இந்தக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன

முக்கியமான வழிகள் நான்கு.

1. சூடான வாயு. கோடிக்கணக்கான கெல்வினில் அணுக்கள் இலத்திரன்களை இழந்துவிடும். தனியே ஓடும் இலத்திரன், கருவொன்றின் அருகில் வளைந்து செல்லும்போது எக்ஸ் கதிரை விடும். மிச்சமிருக்கும் ஓரிரு இலத்திரன்கள் மட்டங்களுக்கிடையே தாவும்போது குறிப்பிட்ட சக்திகளில் கோடுகள் தோன்றும்: சிலிக்கன் 1.86, கந்தகம் 2.46, கல்சியம் 3.9, இரும்பு 6.7 கி.இ.வோ. ஒவ்வொரு மூலகத்துக்கும் இது கையெழுத்து. விண்மீன் மண்டலக் கொத்துகளின் நடுவே பரவியிருக்கும் வாயு இந்த வகை. அதன் திணிவு, அங்குள்ள விண்மீன்கள் எல்லாவற்றினதும் திணிவைப்போல் பல மடங்கு. சாதாரண ஒளியில் அது தெரியவே தெரியாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்: எக்ஸ் கதிர் இல்லாமல் கொத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பகுதியை நாம் கண்டிருக்க மாட்டோம்.

2. விழும் பொருள். சந்திரசேகர் கணித்த எல்லையான சுமார் 1.4 சூரியத் திணிவைத் தாண்டினால், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குள்ளன் தன் பாரத்தைத் தாங்காது. நியூத்திரன் விண்மீன் அவ்வளவு திணிவை 10, 12 கிலோமீற்றர் ஆரையுள்ள கோளத்துக்குள் அடக்கியிருக்கிறது. அதன்மேல் ஒரு கிலோகிராம் வாயு விழுந்தால், திணிவுக்கு ஈடான சக்தியில் 15 முதல் 20 வீதம் வெளிப்படும். ஐதரசன் பிணைவில் கிடைப்பது 0.7 வீதமே. கருந்துளை உள்ளிருந்து எதையும் வெளிவிடாது. விழுமுன் சுழலும் தட்டுத்தான் ஒளிர்கிறது. அன்னத் தொகுதியிலுள்ள சிக்னஸ் எக்ஸ்-1 இல் சுமார் 21 சூரியத் திணிவுள்ள கருந்துளை, 5.6 நாளுக்கொருமுறை ஒரு நீலப் பெருவிண்மீனைச் சுற்றி வருகிறது.

3. காந்தப்புலத்தில் சுருளும் இலத்திரன்கள். 1054 இல் வெடித்துத் தெரிந்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா இதற்கு உதாரணம். நடுவிலுள்ள துடிவிண்மீன், அதாவது வேகமாகச் சுழலும் நியூத்திரன் விண்மீன், செக்கனுக்குச் சுமார் 30 தடவை சுழல்கிறது.

4. மின்னேற்றப் பரிமாற்றம். சூரியக் காற்றிலுள்ள மின்னேறிய ஒட்சிசன் போன்ற அணுக்கள், வால்வெள்ளியின் குளிர்ந்த வாயுவிலிருந்து இலத்திரனைப் பறிக்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். 1996 இல் ஹயக்குட்டாகே வால்வெள்ளியில் ரோசற் செய்மதி இதைக் கண்டபோது வானியலாளர்களே திகைத்தார்கள். "சூடு இல்லாமல் எக்ஸ் கதிர் இல்லை" என்ற நினைப்புக்கு இது விலக்கு.

கண்ணாடி: நேரே விழுந்தால் தொலைந்தது

சாதாரணத் தொலைகாட்டியின் கண்ணாடியில் எக்ஸ் கதிர் நேரே பட்டால் உள்ளே போய் உறிஞ்சப்பட்டுவிடும். கல்லடிப் பாலத்தில் நின்று நேர் கீழே பார்த்தால் வாவியின் உட்பகுதி தெரியும். தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்த்தால் வானம்தான் தெரியும். எக்ஸ் கதிருக்கும் சாய்கோணம்தான் வழி. காரணம் மட்டும் வேறு. உலோகத்துள் எக்ஸ் கதிரின் முறிவுச் சுட்டி 1 ஐ விட மிக மிகச் சிறிதளவு குறைவு. அதனால் மேற்பரப்பை உரசுகிற கோணத்தில், ஏறத்தாழ ஒரு பாகைக்குள் வந்தால், முழுத் தெறிப்பு நடக்கும்.

1952 இல் ஹான்ஸ் வோல்ட்டர் இதற்கு வடிவம் கொடுத்தார். பரவளைவுக் குழாயிலும் அதிபரவளைவுக் குழாயிலும் அடுத்தடுத்துத் தெறித்தால் கதிர்கள் ஒரு குவியத்தில் சேரும். கண்ணாடி, கிண்ணமாக இல்லாமல் பீப்பாயாக இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு மெல்லிய வளையம்தான். சேகரிக்கும் பரப்பு மிகக் குறைவு. அதற்காக ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பீப்பாய்களைச் செருகுகிறார்கள்.

இந்த இடத்தில் எல்லாத் தொலைகாட்டிகளும் ஒரே பேரத்தைத்தான் பேசுகின்றன: கூர்மையா, பரப்பா?

1999 ஜூலை 23 இல் கொலம்பியா விண்ணோடத்தில் போன நாசாவின் சந்திரா தொலைகாட்டி, கூர்மையைத் தெரிந்தெடுத்தது. நான்கே சோடித் தடித்த கண்ணாடிகள், மிகப் பெரியதன் விட்டம் 1.2 மீற்றர், இரிடியப் பூச்சு, குவியத்தூரம் 10 மீற்றர். அரை வில்செக்கன் விவரம் தெரியும். (ஒரு பாகைக்கு 3,600 வில்செக்கன்.) அதே ஆண்டு டிசம்பரில் போன ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் பரப்பைத் தெரிந்தெடுத்தது. மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் தங்கப்பூச்சுள்ள 58 மெல்லிய நிக்கல் ஓடுகள். படம் சந்திராவினதைவிட மங்கல், சேரும் போட்டன்கள் பல மடங்கு. சக்தி கூடக் கூடக் கோணம் இன்னும் சுருங்க வேண்டும், குவியமும் தூரப்போகும். அதனால் 79 கி.இ.வோ. வரை போகும் நூஸ்டார், 2012 இல் சுற்றுப்பாதைக்குப் போனபின் 10 மீற்றர் நீளக் கம்பத்தை விரித்துக் கண்ணாடியையும் உணரியையும் விலக்கி வைத்தது.

உணரியும், வந்த வினைகளும்

சிலிக்கன் சில்லில் 6 கி.இ.வோ. போட்டன் ஒன்று பட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலத்திரன்கள் விடுபடும். அவற்றை எண்ணினால் சக்தி தெரியும். கைத்தொலைபேசிக் கமராவின் சில்லும் இதே குடும்பம். ஆனால் அங்கே ஒரு போட்டன் ஓர் இலத்திரனையே விடுவிக்கும், சக்தி தெரியாது. சிலிக்கன் சில்லின் சக்தித் துல்லியம் 6 கி.இ.வோ.யில் சுமார் 130 இலிருந்து 150 இலத்திரன்வோல்ற்று வரை.

வெப்ப உணரி இதைவிடக் கூர்மை. போட்டன் ஒன்று பட்டதும் ஒரு சிறு துணுக்கு எவ்வளவு சூடேறுகிறது என்று அளப்பது அதன் வேலை. 6 கி.இ.வோ. என்பது ஒரு யூலின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கு அருகில்; அந்தச் சூட்டை உணர உணரி 0.05 கெல்வினுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் துல்லியம் 5 இலத்திரன்வோல்ற்றுக்கு வரும். இரும்புக் கோட்டின் மிகச் சிறிய பெயர்ச்சியிலிருந்து வாயுவின் வேகத்தையே அளந்துவிடலாம்.

இந்த ஒரு கருவிக்காக ஜப்பானும் அமெரிக்காவும் பட்ட பாட்டை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்ணில் திருத்த ஆளில்லாத துறை எவ்வளவு கடினமானது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வரலாறு வேறில்லை.

1. 2000 பெப்ரவரி: அஸ்ட்ரோ-ஈ, ஏவும்போதே ரொக்கெட் கோளாறாகி இழக்கப்பட்டது.
2. 2005: சுசாக்கு வெற்றிகரமாகப் போனது. சில வாரங்களில் குளிரூட்டும் திரவ ஹீலியம் ஆவியாகி வெளியேறியது. மற்றக் கருவிகள் வேலை செய்தன, வெப்ப உணரி பயனற்றுப் போனது.
3. 2016 பெப்ரவரி 17: ஹிட்டோமி ஏவப்பட்டது. மார்ச் 26 இல், சுழலாமல் நின்ற செய்மதியைச் சுழல்வதாகத் திசைக்கட்டுப்பாடு தவறாகக் கணித்து, இல்லாத சுழற்சியை நிறுத்தச் சக்கரங்களைத் திருப்பியது. அதனால் உண்மையிலேயே சுழலத் தொடங்கியது. காப்பாற்ற உந்திகள் இயங்கியபோது, அவற்றுக்கு அனுப்பியிருந்த அளவுகளிலும் பிழை. சூரியத் தகடுகள் பிய்ந்து போயின.
4. 2023 செப்டெம்பர்: எக்ஸ்ரிசம். உணரி அருமையாக வேலை செய்கிறது. ஏவும்போது பாதுகாக்க வைத்த வாயிற்கதவு மட்டும் திறக்கவில்லை. அதிலுள்ள பெரிலியச் சாளரம், காற்றைப்போலவே, மென்மையான கதிர்களை விழுங்குகிறது. 0.3 கி.இ.வோ. இலிருந்து பார்க்கத் திட்டமிட்ட கருவி சுமார் 1.7 இலிருந்துதான் பார்க்கிறது.

ஹிட்டோமி அழியுமுன் பேர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்துவிட்டது. அங்குள்ள வாயுவின் கொந்தளிப்பு வேகம் செக்கனுக்குச் சுமார் 164 கிலோமீற்றர் என்று அளந்தது. ஐந்து வாரச் செய்மதி விட்டுச்சென்ற அந்த ஒற்றை எண், நடுக்கருந்துளை தள்ளிவிடும் வாயு பலர் நினைத்ததைவிட அமைதியானது என்று காட்டியது.

சந்திராவுக்கும் ஒரு காயம் உண்டு. ஏவிய சில வாரங்களில், பூமியின் கதிர்ப்புப் பட்டையைக் கடக்கும்போது தாழ்சக்திப் புரோத்தன்களும் கண்ணாடியில் தெறித்துக் குவியத்துக்கு வந்து சில்லுகளைச் சேதப்படுத்தின. யாரும் எதிர்பார்க்காத வழி. அன்றிலிருந்து, 64 மணித்தியாலச் சுற்றில் ஒவ்வொரு தடவையும் பட்டைக்குள் போகுமுன் உணரியைக் குவியத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள்.

நிறமும் சத்தமும்

இனி அந்தப் படத்துக்கு வருவோம். பதிவேட்டில் இலட்சக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு போட்டன். குறைந்த சக்தியுள்ளவற்றுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்குப் பச்சை, கூடியவற்றுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுத்தால் நிறப்படம் கிடைக்கும். நிறம் கண்ணுக்குத் தெரிந்த நிறமல்ல, ஆனால் பொய்யுமல்ல. சூடான இடத்தையும் மூலகம் செறிந்த இடத்தையும் அது காட்டுகிறது. எந்த நிறம் எந்தச் சக்தி என்ற குறிப்பு இல்லாத படத்தை மட்டும் நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

"கருந்துளையின் சத்தம்" பேர்சியஸ் கொத்திலிருந்து வந்தது. 2003 இல் சந்திராவின் படத்தில் வாயு அடர்த்தியும் ஐதுமாக மாறிமாறி வரும் வளையங்கள் தெரிந்தன. அவை உண்மையான அமுக்க அலைகள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் ஒரு கோடி ஆண்டுகள். காதுக்கு எட்ட 57, 58 எண்சுரங்கள் மேலே உயர்த்த வேண்டியிருந்தது (ஓர் எண்சுரம் உயர்ந்தால் மீடிறன் இரு மடங்கு). அதைத்தான் 2022 இல் நாசா ஒலியாக்கி வெளியிட்டது. எந்த ஒலிவாங்கியும் அங்கே போகவில்லை. படத்திலுள்ள அலைகளை ஒலியாக மாற்றினார்கள், அவ்வளவுதான்.

எண்ணிக்கையில் நடக்கும் பிழைகள்

நண்டு நெபுலா வானத்தின் மிகப் பிரகாசமான நிலையான மூலங்களில் ஒன்று. அதிலிருந்துகூட 2 முதல் 10 கி.இ.வோ. வரையில் சதுர சென்ரிமீற்றருக்குச் செக்கனுக்கு மூன்று போட்டன் அளவுதான் வருகிறது. மறுமுனையில், சந்திரா தென்வானின் ஒரு சிறு துண்டை 1999 முதல் 2016 வரை மொத்தம் 70 இலட்சம் செக்கன், அதாவது 81 நாள், பார்த்துப் பிரதான பட்டியலில் 1,008 மூலங்களைச் சேர்த்தது. போட்டன் இவ்வளவு அரிதாக இருக்கும்போது வழு எங்கெங்கே நுழையும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படை விதி: எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் வழு. 9 போட்டன் என்றால் 3 கூடக் குறைய இருக்கலாம். பின்னணியைக் கழிக்கும்போது வழுக்கள் கூடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். மூலத்தில் 140, அதே அளவு வெற்றிடத்தில் 40 என்றால் விடை 100. வழு 10 அல்ல, 180 இன் வர்க்கமூலமான 13.

பிரகாசம் கூடினாலும் தொல்லை. சந்திராவின் சில்லு வழமையாக 3.2 செக்கனுக்கு ஒருமுறை வாசிக்கப்படும். அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு போட்டன் விழுந்தால், 2 கி.இ.வோ. இரண்டையும் 4 கி.இ.வோ. ஒன்றாகக் கருவி எழுதிவிடும். மூலம் உண்மையைவிடச் சூடாகத் தெரியும். மிகப் பிரகாசமானால் படத்தின் நடுவில் ஓட்டையே விழும். அந்த ஓட்டையைக் கருந்துளை என்று நம்பியவர்கள் உண்டு. சில்லுகளுக்கிடையேயான இடைவெளி கருங்கோடாகவும், வாசிக்கும்போது படும் போட்டன்கள் மூலத்தினூடே நேர்கோடாகவும் தெரிவது இன்னும் இரண்டு மாயைகள்.

"எக்ஸ் வகுப்பு" செய்தி வந்தால்

சூரியச் சுவாலைகளை ஏ, பீ, சீ, எம், எக்ஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் பத்து மடங்கு. அமெரிக்காவின் கோஸ் செய்மதிகள் 0.1 முதல் 0.8 நனோமீற்றர் வரையில் அளக்கும் செறிவே அடிப்படை. எக்ஸ்1 என்றால் சதுர மீற்றருக்கு ஒரு வாற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழமையான சூரிய ஒளி 1,361 வாற்று; அதோடு ஒப்பிட்டால் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024 ஒக்டோபர் 3 இல் வந்தது எக்ஸ்9. அந்தக் கதிர் முழுவதும் மேல்வளிமண்டலத்திலேயே உறிஞ்சப்படுகிறது. கைத்தொலைபேசியை அணைப்பதால் ஒரு பயனும் இல்லை.

உண்மையான விளைவு கடலில் இருக்கிறது. சுவாலையின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்து வந்து, 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயன மண்டலப் படையின் மின்னேற்றத்தைக் கூட்டும். 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலை அங்கே உறிஞ்சப்படும். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் கரையோடு பேசுவது இந்த அலைவரிசைகளில். எக்ஸ்1 அளவுச் சுவாலையில் சூரியன் படும் பக்கத்தில் சுமார் ஒரு மணித்தியாலம் தொடர்பு அற்றுப் போகலாம். தாழ்ந்த மீடிறன்கள் முதலில் போகும், கடைசியில் மீளும். ஆகவே மேல் மீடிறனுக்கு மாறிப் பார்ப்பதும், பொறுத்திருந்து மீண்டும் கூப்பிடுவதுமே வழி. செற் பழுது என்று கழற்றத் தேவையில்லை. இரவில் இந்தப் பாதிப்பு கிடையாது. படகுக்குப் படகு பேசும் குறுந்தூர வீ.எச்.எப். கருவிக்கும் கிடையாது.

கிழக்கிலிருந்து செய்யக்கூடியவை

மட்டக்களப்பின் அகலக்கோடு வடக்கு 7.7 பாகை. எக்ஸ் கதிர் பார்க்கும் இந்தியச் செய்மதிகளான அஸ்ட்ரோசற் (2015), எக்ஸ்போசற் (2024 ஜனவரி 1) இரண்டும் 650 கிலோமீற்றர் உயரத்தில், மத்திய கோட்டுக்கு 6 பாகைச் சாய்வில் சுற்றுபவை. தென் அத்திலாந்திக் மேலுள்ள கதிர்ப்பு வலயத்தை இயன்றவரை தவிர்ப்பதற்கே இந்தத் தாழ்ந்த சாய்வு. வடக்கே எட்டும்போது அவை நம் தென்வானத்தில், உச்சிக்கு அருகிலேயே கடக்கின்றன.

மூலங்கள் இருக்கும் இடத்தையும் பார்த்துவைக்கலாம். மே மாத மாலையில் கடலிலிருந்து விருச்சிகம் எழும். கேட்டைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் விருச்சிக எக்ஸ்-1. சிக்னஸ் எக்ஸ்-1 இன் துணை விண்மீனை ஓகஸ்ட், செப்டெம்பர் இரவுகளில் சிறிய தொலைகாட்டியில் வடவானில் பிடிக்கலாம். நண்டு நெபுலா நன்றாக ஏறும் காலம் நம் மாரி மழையில் போய்விடும். மார்ச் மாத முன்னிரவில் இடபத்தின் கொம்பு நுனியில் தேட வேண்டும்.

வேலை செய்ய விரும்பும் மாணவருக்கு வழி திறந்தே இருக்கிறது. சந்திராவின் பதிவேடுகள் வழமையாக ஓராண்டுக்குள் பொதுவுக்கு வந்துவிடுகின்றன, இலவசம். ஒரு மடிக்கணினி போதும்.

1. சந்திரா தரவுக் களஞ்சியத்தில் கசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தைத் தேடுங்கள். 50,000 செக்கன் நோக்கலில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட போட்டன்கள், கோப்பும் மிகப் பெரிது. சில ஆயிரம் செக்கன் நோக்கலை எடுங்கள்.
2. இரண்டாம் நிலை நிகழ்வுக் கோப்பை (போட்டன் பதிவேடு இதுதான்) மட்டும் இறக்கி, டீ.எஸ்.9 என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். நடுப்பகுதி மட்டும் தெரிந்தால் கோப்பு பழுதல்ல. அடுத்தடுத்த புள்ளிகளை 4 அல்லது 8 ஆல் தொகுத்தால் முழுவதும் வரும். பிரகாச அளவை மடக்கையாக்குங்கள், இல்லாவிட்டால் மங்கலான பகுதி தெரியாது.
3. சக்தி இலத்திரன்வோல்ற்றில் இருக்கும். முதலில் 500 இலிருந்து 7,000 வரை வடிகட்டுங்கள். வெளியே இருப்பது பெரும்பாலும் இரைச்சல். பிறகு 1,750 முதல் 1,950 வரை சிலிக்கன், 2,350 முதல் 2,550 வரை கந்தகம், 6,400 முதல் 6,800 வரை இரும்பு. மூன்றும் வெவ்வேறு இடங்களில் செறிந்திருப்பதைக் காண்பீர்கள்.
4. அடுத்து, பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு நோக்கல்களை எடுத்து வெளிவிளிம்பை ஒப்பிடுங்கள். அது ஆண்டுக்குச் சுமார் 0.3 வில்செக்கன் விரிகிறது. பத்தாண்டில் 3 வில்செக்கன், அதாவது சந்திராவின் படத்தில் 6 புள்ளிகள். தொலைவை 11,000 ஒளியாண்டு என்று கொண்டால் வேகம் செக்கனுக்குச் சுமார் 5,000 கிலோமீற்றர் வர வேண்டும்.

நான்காவதில் பலர் தவறுவது ஒரே இடத்தில். செய்மதியின் திசைக்குறிப்பில் அரை வில்செக்கனுக்கும் மேல் வழு இருக்கலாம், அதோடு ஒவ்வொரு நோக்கலிலும் எச்சம் சில்லின் வேறு பகுதியில் விழுந்திருக்கும். ஆகவே நடுவிலுள்ள நியூத்திரன் விண்மீனின் சிறு புள்ளியை இரண்டு படங்களிலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு, விளிம்பை ஒரு திசையில் மட்டுமல்லாமல் குறைந்தது நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். எல்லாத் திசைகளிலும் ஒரே வேகம் கிடைக்காது.